ஆடையின் ஆயுள்: நாஞ்சில் நாட்டுத் துணிக்கடைகளை முன்வைத்து

துணி எடுக்கச் செல்லும் நாஞ்சில் நாட்டார் கடைக்காரரிடம் கேட்டுவந்த கேள்விகளுள் முதன்மையானது, ‘நல்லா உழைக்குமா?’ என்பது. உழைத்தல் என்னும் வினையை மனிதருக்கும் காளைக்கும் வண்டிக்கும் வழங்குவதுபோலவே துணிக்கும் வழங்கியது அம்மக்கள் வழக்கு. ஒரு சாரம் நான்கு ஆண்டு உழைத்தது என்றால் கொடுத்த காசுக்கு அது கணக்குத் தீர்த்துவிட்டது என்பது பொருள். அக்கேள்வி இன்று அருகிவிட்டது. நாகர்கோவில் மீனாட்சிபுரத்திலும் செம்மாங்குடி சாலையிலும் உள்ள கடைகளில் அதை எழுப்பினால், விற்பனைக்கு நிற்கும் பெண்ணிடம் விடை இராது. அவரிடம் விடையை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. துணி எந்த ஊரில், எந்த நூலில் நெய்யப்பட்டது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

துணியின் தரம் வீழ்ந்துவிட்டது என்ற புலம்பல் பரவலாகக் கேட்கிறது. மூன்று சலவையில் வெளுக்கும் சட்டை, தோளில் பிரியும் தையல், முழங்கையில் உருண்டை உருண்டையாகத் திரளும் பஞ்சு ஆகியன எல்லோரும் அறிந்தவை. ஆயினும் இப்புலம்பலை அப்படியே ஏற்பதற்குமுன், அதை எந்த மண்ணில் நின்று சொல்கிறோம் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் துணியின் தரம் ஒருகாலத்தில் கடைக்காரரால் மட்டும் தீர்மானிக்கப்படவில்லை, அரசாணையாலும் தீர்மானிக்கப்பட்டது.

தோள்சீலைக் கலகத்தின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. துணியின் கோணத்திலிருந்து அது அதிகம் வாசிக்கப்படவில்லை. கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த 1810-களில், கிறித்தவம் தழுவிய நாடார் சமூகப் பெண்கள் மேலுடம்பை மறைக்கலாம் என்று அனுமதி தரப்பட்டபோது, அதற்கு அளவுகோலாகக் காட்டப்பட்டது சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் அணிந்த குப்பாயம். அதாவது முஸ்லிம் பெண்ணின் தைத்த சட்டை, மானத்துக்கான சட்டபூர்வ மாதிரிகளுள் ஒன்றாயிற்று. 1829-ஆம் ஆண்டு அரசாணை குப்பாயத்தை அனுமதித்து, உயர்சாதிப் பெண்கள் போர்த்திய தைக்காத மேற்சீலையைத் தடுத்தது. 1859 ஜூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனமோ, நாடார் பெண்கள் எச்சமயத்தவராயினும், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், உயர்சாதியாரைப் போல மட்டும் உடுத்தலாகாது என்று கூறிற்று. முரட்டுத் துணி என்பது இங்கே ஒரு சட்டச்சொல். உடுத்தும் உரிமை கிடைத்தது. ஆனால் நயமான துணியைப் பிறரைப்போல் உடுத்தும் உரிமை கிடைக்கவில்லை. இதில் ஒரு கசப்பான முரணும் உண்டு. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவிலில் தொடங்கிய பின்னல் சரிகைத் தொழிலில், ஐரோப்பியச் சீமாட்டிகளுக்கான மெல்லிய லேஸைப் பின்னிய கைகள் இதே ஒடுக்கப்பட்ட பெண்களின் கைகளே.

இவ்வரலாறு தெரிந்த ஒருவர் மலிவுத் துணியை எளிதில் இகழமாட்டார். முந்திரி ஆலையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, நகரத்துச் செல்வர் வீட்டுப் பெண் அணியும் அதே வெட்டும் அதே நிறமும் கொண்ட சுடிதாரை அதே பெருநாளுக்கோ திருவிழாவுக்கோ அணிய முடிகிறது என்பது சிறிய செய்தியன்று. இரண்டே உடுப்பு வைத்துக்கொண்டு, ஒன்று காயும்வரை மற்றொன்றில் காலம் தள்ளிய தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. ‘அந்தக் காலத்துத் துணி’யைப் போற்றுவோரில் பலர், அந்தக் காலத்திலும் நல்ல துணி உடுத்த வாய்த்தவர்கள் என்பதை மறத்தல் கூடாது. எனவே மலிவு தன்னளவில் குற்றமன்று. தோற்றத்தை எல்லோருக்கும் தந்துவிட்டு, துணியை மட்டும் எடுத்துக்கொண்டார்களா என்பதே நாம் கேட்க வேண்டியது. 1859-இன் பிரகடனம் துணியைத் தந்து தோற்றத்தை மறுத்தது. இன்றைய சந்தை தோற்றத்தைத் தந்து துணியை மறுக்கிறது என்று கருத இடமுண்டு.

துணி பற்றிய அறிவு இம்மண்ணுக்குப் புதிதன்று. வடசேரியிலும் இரணியலிலும் தறியோசை தெருவோசையாக இருந்தது. கோட்டாறு பழைய வணிக நகரம். இன்று புவிசார் குறியீடு பெற்று விளங்கும் பாலராமபுரம் கைத்தறிக்கு வித்திட்டவர்கள், திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் (1798–1810) தென்தமிழ்ப் பகுதிகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட சாலிய நெசவாளர்கள். நம்மவரும் இத்தொழிலுக்கு அயலாரல்லர். தக்கலையில் அடங்கியிருக்கும் மெய்ஞ்ஞானி பீர் முகம்மது அப்பா தறி நெய்து வாழ்ந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் மேலப்பாளையமும் கடையநல்லூரும் முஸ்லிம் நெசவாளர் ஊர்கள். தக்கலைத் தெருவொன்றைக் களமாக வைத்துத் தோப்பில் முகம்மது மீரான் எழுதிய ‘அஞ்சுவண்ணம் தெரு’ நாவலின் பெயரே, இடைக்காலத்து மேற்காசிய வணிகக் குழுவின் பெயரையும் நெசவுத் தெருவின் நினைவையும் ஒருங்கே சுமப்பது.

நெய்பவர் பக்கத்துத் தெருவில் இருந்தபோது, வாங்குபவரும் பாதி நெசவாளராகவே இருந்தார். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழை நெருக்கம் பார்ப்பது, ஓரத்தைக் கசக்கிக் கஞ்சி உதிர்கிறதா என்று நோக்குவது, ஒரு நூலை உருவி எச்சில் தொட்டு இழுத்து அறுத்துப் பார்ப்பது ஆகியவற்றைப் பள்ளிக்கூடம் போகாத பெண்களும் அறிந்திருந்தனர். அவர்கள் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒரு தராசு இருந்தது. துணியின் தரம் வீழ்வதற்குமுன் இந்தத் தராசு வீழ்ந்தது என்பதே என் கணிப்பு. நெகிழி உறைக்குள் மடித்து ஊசி குத்தி வைக்கப்பட்ட சட்டையை எந்த விரலால் சோதிப்பது? கைப்பேசித் திரையில் வாங்குவோருக்கு அந்த உறை கூட இல்லை.

தரம் குறைவது எவ்வாறு என்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். பாவிலும் ஊடையிலும் அங்குலத்துக்கு இத்தனை இழை என்பது துணியின் உயிர்நிலை. ஊடையில் சில இழைகளைக் குறைத்தால் கண்ணுக்குத் தெரியாது. நூலும் தறிநேரமும் மிச்சம். நீண்ட இழைப் பருத்திக்குப் பதில் குட்டை இழைப் பருத்தியையும் கழிவுப் பஞ்சையும் கலந்து நூற்றால் நூல் மலிவு. சில துவைப்பில் நார் வெளியே வந்து உருளும். பனியன் துணியில் சதுர மீட்டர் எடையைக் குறைப்பது இன்னும் எளிது. இந்த இளைப்பையெல்லாம் மறைக்க, பசையும் மென்மையூட்டிகளும் ஏற்றி இஸ்திரி போட்டால் கடையில் துணி திண்ணென்றிருக்கும். முதல் சலவையில் மெய்யுரு வெளிப்படும். பிறகு தையல். தையற்காரர் அக்காலத்தில் பக்கவாட்டில் ஒரு விரற்கடை துணி உள்ளே விட்டுத் தைப்பார். பிள்ளை வளர்ந்தால் பிரித்து விடலாம். உடல் பெருத்தாலும் பிரித்து விடலாம். ஆயத்த ஆடையில் ஓவர்லாக் பொறி அந்த ஓரத்தை அறுத்தெறிந்துவிட்டே தைக்கிறது. திருத்துவதற்கு இடமில்லாத ஆடை அது. பிழைப்பின் வேகத்தில் அங்குலத்துக்கான தையலும் குறைகிறது.

இவ்விடத்தில் இப்னு கல்தூன் நினைவுக்கு வருகிறார். ‘முகத்திமா’வில் நெசவையும் தையலையும் பற்றி எழுதும் அவர், தையல் நகர வாழ்வுக்குரிய கலை என்றும், நாடோடிகள் துணியைச் சுற்றிப் போர்த்துக்கொள்வதோடு அமைவர் என்றும் கூறி, ஹஜ்ஜில் தைத்த ஆடை விலக்கப்பட்டதன் மறைபொருளை அதனோடு இணைக்கிறார். தையல் நாகரிகத்தின் ஆடம்பரம் என்றால், இன்று முதலில் பிரிவதும் அந்தத் தையலே.

எல்லாவற்றுக்கும் செயற்கை இழையே காரணம் என்பாருண்டு. இது அரை உண்மை. வளைகுடா சென்ற முதல் தலைமுறையினர் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பெட்டிகளில் கொண்டுவந்த ஜப்பானியப் பாலியெஸ்டர் சேலைகளைக் கிழிக்க முடியாமல் திண்டாடிய வீடுகள் எத்தனை! டெரிகாட்டன் சட்டை அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து மச்சானுக்கும் போயும் சாகவில்லை. வியர்வையை உறிஞ்சாது என்பது அதன் குறை. உழைக்காது என்று யாரும் சொன்னதில்லை. தரக்குறைவு இழையின் பெயரில் இல்லை. அந்த இழையை எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு மறைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

மறைத்தல் என்ற இச்சொல்லே நம்மை ஹிஸ்பா நூல்களிடம் கொண்டுசெல்கிறது. கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு நஸ்ர் அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்காக எழுதிய கையேட்டில் நெசவாளருக்கும் தையற்காரருக்கும் சாயமிடுவோருக்கும் தனித்தனி இயல்கள் உள்ளன. நெய்யும்போது துணியின்மீது மாவையும் சுட்ட சுண்ணப்பொடியையும் தூவுவதை முஹ்தஸிப் தடுக்க வேண்டும். ஏனெனில் அது துணியின் முரட்டுத்தன்மையை மறைத்து, நெருக்கமாக நெய்ததுபோலக் காட்டி மக்களை ஏமாற்றுகிறது என்கிறார். எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய இக்குறிப்பைப் படிக்கையில் இன்றைய துணி ஆலைகளின் இறுதிப் பதப்படுத்தும் பிரிவு கண்முன் வருகிறது. விலையுயர்ந்த பட்டுத் துணியைத் தையற்காரர் எடைபோட்டு வாங்கி, தைத்தபின் அதே எடையில் திருப்பித் தர வேண்டும் என்ற விதியும் அந்நூலில் உண்டு.

கஞ்சி நம் தறிகளிலும் இருந்ததே எனக் கேட்கலாம். இருந்தது. பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் கைத்தறி ஓடாது. உராய்வில் இழை அறுந்துபோகும். அது நூலுக்கு வலிமை தரப் போடும் கஞ்சி. நெய்து முடித்த இளைத்த துணிக்கு உடம்பு காட்டப் போடும் பசை வேறு. இரண்டுக்கும் பொருள் ஒன்றாக இருக்கலாம், நோக்கம் வேறு. ஹதீஸில் வரும் தானியக் குவியல் நிகழ்ச்சியை வாசகர் அறிவர். சந்தையில் நபி (ஸல்) அவர்கள் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் தட்டுப்பட்டது. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். அங்கே ஈரம் இருந்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை. அது அடியில் இருந்ததே குற்றமாயிற்று.

ஆனால் இன்றைய நிலையை ஏமாற்று என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. விற்பவர் பொய் சொல்வதில்லை. முந்நூறு ரூபாய்ச் சட்டை மூன்று ஆண்டு வராது என்பது வாங்குபவருக்கும் தெரியும் என்று வாதிடலாம். இது வலுவான வாதம். ஆயினும் இரண்டு இடங்களில் அது தடுக்கி விழுகிறது. ஒன்று, விலை உயர்ந்த துணியும் இன்று அதே வேகத்தில் கெடுகிறது; ஆகவே விலை தரத்தின் அறிவிப்பாக இல்லை. மற்றொன்று, கடைகளின் கல்லாவுக்கு மேலே தொங்கும் அறிவிப்பு. சாயத்துக்கு உத்தரவாதமில்லை, விற்ற துணி திரும்பப் பெறப்படமாட்டாது என்னும் இரு வரிகள் இல்லாத கடை அரிது. குறைகளுக்குப் பொறுப்பில்லை என்று நிபந்தனையிட்டு விற்பதை ஃபிக்ஹ் அறிஞர்கள் விரிவாக விவாதித்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபில் வலுப்பெற்ற கருத்து, அத்தகைய நிபந்தனை விற்பவரைக் காப்பது கால்நடையில், அவரும் அறியாத உட்குறையின் பொருட்டு மட்டுமே என்பதாகும். உயிருள்ள பிராணியின் உடலுக்குள் இருப்பதை விற்பவரும் அறியார் என்பது அதன் நியாயம். துணி உயிருள்ளதன்று. அதன் சாயம் போகுமா என்பதைச் செய்தவர் அறிவார். கடைக்காரர் அறியமாட்டார் என்றால், அறிந்துகொள்ளும் கடமை யாருடையது என்பதை நம் வணிகர்கள் விவாதிக்க வேண்டும். இந்திய அரசும் 1988-ஆம் ஆண்டின் துணி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் வழியே துணியில் இழைக் கலப்பைக் குறிக்கச் சொல்கிறது. எத்தனை பேர் அதை வாசித்து வாங்குகிறோம் என்பது வேறு கதை.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். குமரி மாவட்டக் கடற்கரை முஸ்லிம் ஊர்களில் பெண்கள் வெளியே செல்கையில் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திச் செல்வது வழக்கமாக இருந்தது. நல்ல பருத்தித் துணி; வெட்டில்லை, தையலில்லை, அளவில்லை. தாயினுடையதை மகள் போர்த்தலாம். அதனிடத்தைக் கறுப்பு புர்காவும் அபாயாவும் பிடித்ததைப் பற்றிய மார்க்க, சமூக விவாதம் இக்கட்டுரையின் பொருளன்று. துணியின் கோணத்தில் ஒன்று சொல்லலாம்: நாகரிக மாற்றங்களுக்கு வெளியே நிற்பதற்கென்று இருந்த ஓர் ஆடை, நாகரிகச் சுழற்சிக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு ரமளானுக்கும் புதிய வரவு. கைப்பகுதியில் பசையால் ஒட்டிய கற்கள் பெருநாள் முடிவதற்குள் உதிர்கின்றன. சென்ற ஆண்டின் வெட்டு இவ்வாண்டு பழசு. அடக்கத்துக்கான ஆடை ஆண்டுதோறும் மாற்றப்பட வேண்டிய பண்டமாகிவிட்டதை நம் மேடைகள் அதிகம் பேசுவதில்லை. இஸ்ராஃப் குறித்த உரைகள் கல்யாண விருந்தோடு நின்றுவிடுகின்றன.

இது நாஞ்சில் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பல்லிழை ஒப்பந்தத்தின் இறக்குமதி வரம்புகள் 2005 ஜனவரி 1-ஆம் நாள் முழுதும் நீங்கியபின், எங்கு கூலி குறைவோ அங்கு தையல் சென்றது. 2000-க்கும் 2015-க்கும் இடையில் உலக ஆடை உற்பத்தி ஏறத்தாழ இருமடங்காயிற்று. அதே காலத்தில் ஓர் ஆடை கழிக்கப்படுமுன் அணியப்படும் தடவைகள் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தன என்று எலன் மக்ஆர்தர் அறக்கட்டளையின் 2017-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. மலிவின் மறுபக்கத்தை 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவாரில் இடிந்த ராணா பிளாசா காட்டிற்று. இறந்தோர் 1,134 பேர். அவர்களுள் பெரும்பாலோர் இளம் பெண்கள். நம் திருப்பூரில் நொய்யலாறு சாயக்கழிவால் கெட்டதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதும் யாவரும் அறிந்ததே.

எனக்கு இவற்றினும் உறுத்தலாகத் தோன்றுவது தானத் துணி. ரமளான் மாதத்தில் ஜகாத்தாகவும் ஸதக்காவாகவும் சேலை, சாரம் வழங்குவது நம் ஊர்களின் நல்ல வழக்கம். மொத்த விலைக் கடைகளில் இதற்கென்றே ஒரு தனி அடுக்கு உண்டு. கடைக்காரர், ‘வீட்டுக்கா, கொடுக்கவா?’ என்று கேட்டுவிட்டே துணியை எடுத்துப் போடுகிறார். வங்க தேசத்தில் ‘ஜகாத் சேலை’ என்பது தரம் குறைந்த ஒரு துணிவகையின் பெயராகவே நிலைத்துவிட்டது. 2015 ஜூலை 10 அன்று மைமன்சிங் நகரில் அத்தகைய ஜகாத் துணி பெறத் திரண்ட நெரிசலில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அவர்களுள் மிகப் பலர் பெண்கள். உயிரைக் கொடுத்துப் பெற நின்ற அந்தத் துணி எத்தனை துவைப்புக்கு வந்திருக்கும் என்று எண்ணினால் மனம் கூசுகிறது. கண்ணை மூடிக்கொண்டல்லாமல் நீங்களே வாங்கிக்கொள்ளமாட்டாத மட்டமானதைப் பிறருக்குக் கொடுக்க நாடாதீர் என்னும் கருத்துடைய வசனம் அல்பகரா அத்தியாயத்தில் இருப்பதை இந்த அடுக்கின் முன்னால் நின்று நினைவுகூர வேண்டியிருக்கிறது. 1859-இன் பிரகடனம் ஏழைக்கென வகுத்த முரட்டுத் துணியாவது பல ஆண்டு உழைத்திருக்கும். நாம் வகுத்திருக்கும் ஏழைத் துணி அதுவும் செய்வதில்லை.

துணி கெட்டதால் வீடு இழந்தவற்றுள் ஒன்று அதன் முதுமை. பழம் பருத்திச் சேலை முதலில் பிள்ளைக்குத் தொட்டிலாகும். துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிப் பச்சைப்பிள்ளையைச் சுற்றும் துணியாகும். பின் அடுப்பிலிருந்து பானை இறக்கும் கரித்துணி, கடைசியில் விளக்குத் திரி. நைந்த சாரம் இருமடிப்பாகத் தைக்கப்பட்டுப் படுக்கை விரிப்பாகும். ஓர் ஆடையை ஒட்டுப் போடும்வரை கழித்துவிட வேண்டாம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையின் நடைமுறை விளக்கம் நம் அடுக்களைகளில் இருந்தது. இன்றைய கலப்புத் துணி ஈரத்தை உறிஞ்சாது. அடுப்புப் பக்கம் கொண்டுசென்றால் உருகும். ஒட்டுப் போட்டால் ஒட்டைச் சுற்றிக் கிழியும். இளமையிலேயே செத்துப்போகும் துணிக்கு முதுமை ஏது? ஆகவே அது நேரே குப்பைக்குப் போகிறது, அல்லது நல்ல மனத்தோடு யாருக்கேனும் கொடுக்கப்பட்டு அவர்கள் வீட்டிலிருந்து குப்பைக்குப் போகிறது.

தனிமனிதர் ஒருவர் கடையில் நின்று இவற்றையெல்லாம் சோதித்து வாங்குவது இனி ஆகிற காரியமன்று. ஆனால் ஜமாஅத்துகள் தனிமனிதரல்ல. குமரி மாவட்டத்துப் பள்ளிவாசல்கள் வழியாகவும் அறக்கட்டளைகள் வழியாகவும் ரமளானில் மொத்தமாக வாங்கப்படும் துணி கணிசமானது. அவ்வளவு வாங்குபவருக்குக் கடைக்காரர் செவிசாய்ப்பார். வடசேரியிலோ பாலராமபுரத்திலோ உள்ள கூட்டுறவுச் சங்கங்களிடம் நேரே கேட்கலாம். எண்ணிக்கை குறையும், பாதிப் பேருக்கு அடுத்த ஆண்டு என்று சொல்ல வேண்டிவரும், அந்தச் சங்கடத்தையும் ஏற்கத்தான் வேண்டும். விசைத்தறித் துணியே வாங்குவதானாலும், மாதிரிக்கு ஒரு சேலையும் ஒரு சாரமும் எடுத்துவந்து, ஐந்தாறு முறை துவைத்து வெயிலில் காயவைத்துப் பார்த்துவிட்டு மீதிக்குச் சொல்லலாம். அதற்கு ஷஅபான் மாதம் தாராளம்.